வட்ட வாளும் வழிச்சட்டமும்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்குத் தச்சுப்பட்டறையில் என்ன வேலை என்று நேயர்கள் வினவக்கூடும். வினவுவது நியாயமே. நாம் கலைக்கல்லூரியிற் பயின்றோம்; உளியும் கொட்டாப்புளியும் பிடித்துப் பழகினோமில்லை. ஆயினும் மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன் மேசைக்கு வந்துசேரும் தாள்களுக்கு எல்லை கிடையாது. ஒருநாள் ஓய்வூதிய விதி வரும். மறுநாள் புயல் எச்சரிக்கை வரும். அதற்கடுத்த நாள், மின்விசையால் ஓடும் வட்ட வாளை அபாயமின்றி அமைப்பது எப்படி என்பதைப் பற்றிய குறிப்பு வரும். அவ்வாறு வந்த குறிப்பொன்றே இன்றைய பேச்சுக்குக் காரணம். அதில் முதற்பக்கத்திலேயே ஒரு சொல் நம்மை வழிமறித்தது. 'ஃபென்ஸ்' என்பதே அச்சொல்.

பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும் ஃபென்ஸ் என்றால் வேலி என்பான். வேலி என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். ஆனால் சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டாக நிற்கும் இடம் இது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 21-ஆம் பிரிவில் இயந்திரங்களுக்கு வேலியிடுதலைப் பற்றிப் பேசிற்று. சுழலும் சக்கரம், ஓடும் வார், அபாயமுள்ள உறுப்பு எதுவாயினும் அதற்கு உறுதியான மறைப்பு வேண்டும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அம்மறைப்பு அகற்றப்படாமல் தன்னிடத்தில் நிற்றல் வேண்டும் என்பது அப்பிரிவின் கருத்து. ஆகவே சட்டத்தின் வேலி மனிதனை இயந்திரத்திலிருந்து விலக்கி வைப்பது. வாள்மேசையின் ஃபென்ஸோ அத்தகையதன்று. அது மேசையின்மேல் வாளுக்குப் பக்கத்தே நிற்கும் ஒரு நேரான சட்டம். மரத்தை அதனோடு அணைத்துத் தள்ளினால், சட்டத்துக்கும் வாளுக்கும் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு அகலத்தில் பலகை அறுபட்டு வரும். அது மனிதனைக் காப்பதற்காக ஏற்பட்டதன்று. மரத்துக்கு வழிகாட்ட ஏற்பட்டது. கோணலாக நின்றுவிட்டாலோ, காப்பதற்கு மாறாகக் கையையே வாளின் வாய்க்குக் கொண்டுபோய்விடும். வேலி என்று தமிழில் படிக்கும் தொழிலாளி, “வேலிதான் இருக்கிறதே” என்று மனம் நிம்மதியுற்றால், அந்த நிம்மதிக்கு யார் பொறுப்பு? இங்கே சொல்லாராய்ச்சி விரலாராய்ச்சியாகிவிடுகிறது.

இத்தகைய ஐயங்கள் தோன்றும்போது கல்கத்தாவில் வாழும் தமிழர்க்கு அலிப்பூர் ஒரு புகலிடம். அங்கே பெல்வெடியர் மாளிகையில் 1948-இல் குடிபுகுந்து, 1953-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்ற தேசிய நூலகம் இருக்கின்றது. நூல்களில் பெரும்பகுதி இன்று அதே வளாகத்திலுள்ள பாஷா பவனத்துக்குச் சென்றுவிட்டது. தமிழ்ப்பேரகராதியின் பதிப்பாசிரியராய் விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளையவர்கள் சேர்த்து வைத்திருந்த நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் இந்நூலகத்துக்கே வந்து சேர்ந்தன என்பது பலருக்குத் தெரியாது. அகராதிகளைப் புரட்டினால் வாளுக்குப் பஞ்சமில்லை. மரத்தை ஈர்வது ஈர்வாள். வடமொழியிலிருந்து வந்த கரபத்திரம் என்னும் சொல்லும் உண்டு. வங்காளியர் இன்று 'கொராத்' என்று வழங்குவது அதன் உறவினரே. ஆனால் வாளுக்குத் துணைநிற்கும் சட்டத்துக்கு அங்கே பெயர் இல்லை. இருப்பதற்கு நியாயமும் இல்லை. கையால் ஈர்ந்த காலத்தில் வழிகாட்டியது கரிக்கோடு. கோட்டின்மேல் நின்றது தச்சனின் கண். பட்டறைக்காரர்கள் இப்பொழுது 'கைடு' என்கிறார்கள். நாம் இப்பேச்சில் வழிச்சட்டம் என்று வழங்குவோம்.

சொல்லைத் தேடுவதோடு நின்றிருந்தால் வேலை எளிது. பொருளைக் கண்ணாற் காணாமல் எழுதுவது குருடன் யானையைத் தடவிய கதையாகும் என்று எண்ணி, நூலகத்திலிருந்து சேத்லாப் பக்கம் உள்ள சிறு பட்டறை ஒன்றுக்குச் சென்றோம். தகரக் கூரை, மூன்றே பேர் வேலை செய்கிறார்கள், நடுவில் வாள்மேசை. நிம்தலாவின் மரக்கிடங்குகளிலிருந்து வந்த தேக்கும் சாலும் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. வயது முதிர்ந்த மிஸ்திரி ஒருவர் நம்மை உட்காரவைத்துத் தேநீர் வருவித்தார். மண்குவளையை ஏந்திய அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் முதற்கணுவோடு முடிந்திருந்தன. நாம் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

“கொராத் என்னைக் கடிக்கவில்லை, பாபு. கட்டைதான் என் கையைக் கொண்டுபோய் அதன் வாயில் வைத்தது.”

அவர் சொன்ன இவ்வொரு வாக்கியம், நம்மிடம் வந்திருந்த குறிப்பின் பத்துப் பக்கங்களுக்குச் சமானம். அதன் பொருளை விளக்கிக் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

வட்ட வாள் புதிய கருவியன்று. இங்கிலாந்தில் சௌத்தாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் என்பார் 1777-இல் பெற்ற காப்புரிமைப் பத்திரத்தில் அதைப்பற்றிய பேச்சு வருகின்றது. சாதாரணமாகப் பட்டறைகளில் உள்ள வாளின் குறுக்களவு 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீட்டர். நம் நாட்டு மின்சாரத்தில் நிமிஷத்துக்கு 2,850 சுற்று ஓடும் மோட்டாரோடு அதை நேரே பூட்டினால், பல்லின் நுனி ஒரு விநாடியில் ஏறக்குறைய 38 மீட்டர் செல்லும். மணிக்கு 136 கிலோமீட்டர் என்று கணக்கிடலாம். மனிதன் கையை இழுத்துக்கொள்ள எடுக்கும் நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான பற்கள் கடந்து போய்விடும். ஆகவே “சட்டென்று கையை எடுத்துக்கொள்வேன்” என்பவர் கணக்கறியாதவர்.

வாள் சுழலும் திசையைச் சற்று மனத்தில் வரைந்து பாருங்கள். நம்மை நோக்கிய முன்புறத்தில் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. அது நமக்கு அனுகூலம். வாளின் பின்புறத்திலோ பற்கள் மேசைக்கடியிலிருந்து மேலே எழுகின்றன. எழுந்து, உச்சியைக் கடந்து, நம்மை நோக்கி வருகின்றன. அறுபட்ட மரம் இந்தப் பின்புறப் பற்களைத் தொடாமல் அமைதியாக நழுவிச் செல்லும் வரையில் தீங்கில்லை. தொட்டுவிட்டால் பல் அதைக் கவ்வித் தூக்கும். தூக்கிய வேகத்தோடு நம்மை நோக்கி எறியும். துப்பாக்கி சுடும்போது தோளை உதைப்பதைப்போன்ற இதைப் பின்னுதைப்பு எனலாம். எறியப்பட்ட கட்டை வயிற்றிலோ மார்பிலோ தாக்குவது ஒரு கேடு. அதனினும் பெரிய கேடு, கட்டையை அழுத்திக்கொண்டிருந்த கை, அழுத்துவதற்கு அங்கே ஒன்றுமில்லாமல் முன்னே சரிந்து வாளின்மேல் விழுவது. மிஸ்திரிக்கு நேர்ந்தது அதுதான்.

மரம் பின்புறப் பற்களைத் தொடுவானேன்? காரணங்கள் சில உண்டு. அவற்றில் முதலிடம் வழிச்சட்டத்துக்கே. சட்டம் வாளுக்கு இணையாக நிற்கவேண்டும். அதன் வால்முனை வாளை நோக்கி ஒரு மயிரிழை நெருங்கியிருந்தாலும், மரம் போகப் போக இடம் குறுகிக்கொண்டே வரும். கடைசியில் சட்டத்துக்கும் எழும் பற்களுக்கும் நடுவே ஆப்புப்போல் சிக்கிக்கொள்ளும். மேசையின் முன்புறத்தில் அளவுகோல் வைத்துப் பார்ப்பவர்க்கு இது தெரியாது. முன்புறம் 60 மில்லிமீட்டர் என்று சரியாகக் காட்டும். பின்புறம் 59 ஆக இருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் விரல் இருக்கிறது.

ஆகவே அமைக்கும் முறையைக் கவனிப்போம். எல்லாவற்றுக்கும் முன்னதாக மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். விசையை மட்டும் அணைத்துவிட்டு வாளருகே கை வைப்பது தகாது. பட்டறையில் மூன்று பேர் இருந்தால் விசையைத் தட்டுவதற்கு மூன்று பேர் இருக்கிறார்கள். பிடுங்கிய செருகி நம் கண்ணுக்கு எதிரில் கிடக்கட்டும்.

வழிச்சட்டத்தைத் திருத்துவதற்குமுன் வாளையே சோதித்தாக வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. கோணிய வாளுக்கு இணையாகச் சட்டத்தைக் கோணவைத்து, பிறகு குறுக்கே அறுக்கும்போது துன்பப்படுகிறார்கள். வார்ப்பிரும்பு மேசைகளில் வாளுக்கு இருமருங்கும் நீளவாக்கில் காடி ஓடுகின்றது. குறுக்கறுப்புக்கு உரிய கோணமட்டம் அதில்தான் வழுக்கிச் செல்லும். இக்காடியே மற்றெல்லாவற்றுக்கும் அடிப்படை. வாளின் ஒரு பல்லுக்குச் சுண்ணக்கட்டியால் அடையாளம் இட்டு, அப்பல்லை முன்புறத்துக்குக் கொணர்ந்து காடியின் விளிம்பிலிருந்து தூரத்தை அளக்கவேண்டும். பிறகு வாளைக் கையால் திருப்பி, அதே பல்லைப் பின்புறத்துக்குக் கொண்டுபோய் மீண்டும் அளக்கவேண்டும். அதே பல் என்பது முக்கியம். வேறு பல்லை அளந்தால் வாளின் நெளிவு கணக்கிற் கலந்துவிடும். இரண்டு அளவுகளுக்கும் வேறுபாடு ஒரு கனத்த தாளின் பருமனுக்குள் அடங்கினால் போதும். மிகுந்தால், மேசையை அல்லது அதன் கீழுள்ள வாள்தாங்கியைப் பிணைத்திருக்கும் மரைகளைத் தளர்த்தி, மெல்லத் தட்டி நேராக்கி, மறுபடியும் முறுக்கி, மறுபடியும் அளத்தல் வேண்டும். முறுக்கும்போதே சற்று நகர்ந்துவிடும் குணம் இதற்கு உண்டு. பொறுமை இல்லாதார் இதை நாளைக்கென்று ஒத்திவைப்பதே நலம். ஆனால் நாளைவரையில் வாளையும் ஓட்டலாகாது.

வாள் நேரானபின் வழிச்சட்டத்தைக் காடியின் விளிம்புவரை நகர்த்தி, பூட்டிவிட்டு, சட்டமும் காடியும் ஒட்டிச் செல்கின்றனவா என்று முன்னும் பின்னும் விரலால் தடவிப் பார்க்கலாம். தாளை இடையில் செருகிப் பார்ப்பது இன்னும் நுட்பம். பூட்டாமல் பார்ப்பதிற் பயனில்லை. பூட்டும்போது வால்முனை ஒரு பக்கமாக இழுக்கப்படுவது பல சட்டங்களின் பழக்கம். வேறுபாடு தென்பட்டால், சட்டத்தின் தலைப்பகுதியிலுள்ள திருகுகளைத் தளர்த்திச் சரிசெய்யவேண்டும்.

இவ்விடத்தில் தச்சர்களுக்குள் ஓர் அபிப்பிராய பேதம் உண்டு. சட்டம் முற்றும் இணையாக நிற்கவேண்டும் என்பர் சிலர். வால்முனை வாளைவிட்டு விலகி, ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு அளவுக்குத் திறந்திருந்தால் நல்லது என்பர் வேறு சிலர். முன்னவர் சொற்படி செய்தால் அறுப்பு இருபுறமும் ஒரேவிதமாக இருக்கும். பின்னவர் சொற்படி செய்தால் மரம் நெருக்குண்ண வழியில்லை. ஆனால் மிகத் திறந்துவிட்டால் மரம் சட்டத்தைவிட்டு அலையும். நாம் இவ்வழக்கில் தீர்ப்புக் கூறத் தகுதியுடையோமல்லோம். எனினும் இருசாராரும் ஒருமனமாக ஒப்புவது ஒன்றுண்டு. வால்முனை வாளை நோக்கி நெருங்குவது எந்தக் காலத்தும் கூடாது. குறிப்பைத் தமிழாக்கும்போது இவ்வரியை மட்டும் தனிவரியாக, தடித்த எழுத்தில் அமைக்கவேண்டுமென்று விளிம்பில் எழுதினோம்.

சட்டம் மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதை மூலைமட்டத்தால் பார்க்கவேண்டும். மேலே சாய்ந்த சட்டம் மரத்தை ஒருக்களிக்கச் செய்யும். சட்டத்துக்கும் மேசைக்கும் இடையில் சந்து இருக்கிறதா என்பதையும் நோக்கவேண்டும். சன்மைக்கா போன்ற மெல்லிய தகடுகளை அறுப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். தகடு சந்தில் நுழைந்துகொண்டால் வழி தவறிவிடும். சட்டத்தின் முகத்தில், மேசையைத் தொட்டு நிற்குமாறு ஒரு நேரான ரீப்பரைப் பிணைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

அளவைப் பற்றி ஒரு சொல். வாளின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இருபுறமும் சற்றுப் புடைத்திருப்பதால், அறுப்புச் சால் வாள்தகட்டைவிட அகலமானது. இந்நாளில் வழங்கும் கடினமுனைப் பற்களில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஆகவே சட்டத்திலிருந்து தூரத்தை அளக்கும்போது, சட்டத்தை நோக்கிப் புடைத்த பல்லின் நுனிவரை அளக்கவேண்டும். தகடுவரை அளந்தால் பலகை அகலம் குறையும். மேசையில் ஒட்டியுள்ள அளவுநாடாவை நம்புவோர், வாளை மாற்றியபின் ஒருதடவையாவது துண்டுப் பலகையில் அறுத்துச் சரிபார்த்தல் அவசியம். ஒரு வாளுக்கு ஒட்டிய நாடா மற்றொரு வாளுக்குப் பொய் சொல்லும்.

இதுவரை கூறியது கடையில் விலைகொடுத்து வாங்கிய மேசைக்கு. நம் நாட்டுச் சிறு பட்டறைகளில் பெரும்பாலானவற்றில் காண்பது வேறு. இரும்புக் கோணங்களால் ஆன ஒரு சட்டகம். அதன்மேல் கனத்த ஒட்டுப்பலகை. அடியில் மோட்டாரும் வாரும். காடியும் கிடையாது, நாடாவும் கிடையாது. வழிச்சட்டமாக நிற்பது ஒரு தேக்குச் சட்டம். இருமுனையிலும் பிடிப்பான் இட்டு முறுக்கியிருப்பார்கள். சேத்லாவில் நாம் கண்டதும் இதுவே. இதை இகழ்வதற்கில்லை. கவனத்தோடு அமைத்தால் இதுவும் நேராகவே அறுக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை அகலம் மாற்றும்போதும் இணைநிலையும் புதிதாக நிர்ணயமாக வேண்டும் என்பதே இதன் குறை. அடையாளமிட்ட அதே பல்லை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பி, இரண்டிடத்திலும் சட்டம்வரை அளந்து, பின்னரே பிடிப்பான்களை முறுக்கவேண்டும். முறுக்கியபின் மறுபடியும் அளக்கவேண்டும். மரச்சட்டம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் வளையும். கல்கத்தாவின் ஆடி ஆவணி மாதங்களில் காற்றே ஈரத்துணிபோல் இருப்பதை அறிந்தவர்கள், ஜூன் மாதத்தில் நேராயிருந்த சட்டத்தை ஆகஸ்டில் நம்பமாட்டார்கள். இரும்பு மேசையாயின் அதே ஈரத்தில் துரு ஏறும். துரு ஏறிய மேசையில் மரம் வழுக்காமல் தடைப்படும். தடைப்பட்டதைப் பலங்கொண்டு தள்ளும் கை நிலைதவறும். துருவைத் தேய்த்துவிட்டு மெழுகு பூசி வைப்பது இதனால்தான்.

வழிச்சட்டம் எவ்வளவு நேராக இருந்தாலும் மரம் தன் குணத்தைக் காட்டாமல் இராது. உள்ளிறுக்கம் உடைய சால்மரமும், நன்றாக உலராத மரமும், அறுபட்டவுடன் சாலை மூடிக்கொண்டு வாளை இருபுறமும் கவ்வும். இதற்காகவே வாளின் பின்னால், அதே நேர்க்கோட்டில், பிளவுக்கத்தி என்ற ஒரு தகடு நிறுத்தப்படுகிறது. அது வாள்தகட்டைவிடச் சற்றுத் தடிமனாகவும் அறுப்புச் சாலைவிடச் சற்று மெலிந்தும் இருக்கவேண்டும். சால் மூடாமல் அது தாங்கிக்கொள்ளும். மேசை மட்டத்தில் வாளின் பல்லுக்கும் கத்தியின் விளிம்புக்கும் இடைவெளி 8 அல்லது 10 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது விதிநூல்களில் காணும் அளவு. வாளின் உச்சியை மூடும் காப்புமூடி இதற்குத் துணை. இவ்விரண்டும் “வேலைக்கு இடைஞ்சல்” என்று கழற்றப்பட்டுப் பட்டறை மூலையில் தூசி படிந்து கிடப்பதை எங்கும் காணலாம். சட்டம் கூறிய வேலி மூலையில் கிடக்க, வேலியல்லாத வேலி மேசைமேல் நிற்கிறது.

அகன்ற மரப்பலகையை நீளவாக்கில் பிளப்பதற்கு வழிச்சட்டம் மேசையின் கடைசிவரை நீண்டிருக்க வேண்டுவதில்லை. பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு அலுவலகம் இதைப்பற்றித் தெளிவாகக் கூறுகின்றது. மேசை மட்டத்தில் வாளின் முன்பற்களுக்கு நேரே சட்டம் முடிந்துவிட வேண்டுமென்பது அதன் அறிவுரை. அறுபட்டபின் மரத்துக்கு வழிகாட்டி வேண்டியதில்லை. விரிவதற்கு இடமே வேண்டும். முழுநீளச் சட்டம் உடையவர்கள் அதன் முகத்தில் ஒரு குறும்பலகையைப் பிணைத்துக்கொண்டு இதே பயனைப் பெறலாம். குறுக்கே சிறு துண்டுகளாக அறுப்போர் செய்யும் பெரும் பிழை, கோணமட்டத்தைத் தள்ளிக்கொண்டே மரத்தின் நுனியை வழிச்சட்டத்தில் முட்டவைப்பது. அறுபட்ட துண்டு சட்டத்துக்கும் வாளுக்கும் நடுவில் தனித்து நின்று, திரும்பி, மாட்டிக்கொண்டு, அம்புபோல் பாயும். நீளத்தை நிர்ணயிக்கச் சட்டம் வேண்டுமானால், வாளுக்கு வெகு முன்னாலேயே சட்டத்தில் ஒரு கட்டையைப் பிணைத்து, மரத்தை அதில் முட்டவைத்து அளவெடுத்துக்கொள்ள வேண்டும். வாளை அடையும்பொழுது மரத்துக்கும் சட்டத்துக்கும் தொடர்பு இருக்கலாகாது.

வாளின் உயரம், நிற்கும் இடம், உடை ஆகியவற்றைச் சுருக்கமாகவே கூறுவோம். மரத்தின் மேல்மட்டத்துக்குமேல் பற்கள் முழுதும் வெளிப்படுமளவு உயர்த்தினால் போதும். வாளின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒருபுறம் ஒதுங்கி நிற்கவேண்டும். எறியப்படும் கட்டைக்கு அந்நேர்க்கோடே பாதை. தொங்கும் வேட்டித்தலைப்பு, தளர்ந்த சட்டைக்கை, வளையல், கைக்கடிகாரம் யாவும் விலக்கு. கையுறை காப்பாற்றும் என்று கருதுவோர் உளர். அதன் நூல் பல்லில் சிக்கினால் கை முழுதையும் இழுத்துக்கொள்ளும். ஆகையால் இங்கே அதுவும் விலக்கே.

நேயர்களில் சிலர், விரல் பட்டவுடன் நின்றுவிடும் வாள் வந்திருக்கிறதாமே என்று கேட்கக்கூடும். உண்மைதான். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் கண்டமுறை அது. மனித உடலின் மின்குணத்தை உணர்ந்து, ஓர் அலுமினியக் கட்டை வாளின் பற்களில் பாய்ந்து, ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்குக்குள் அதை நிறுத்திவிடுகின்றது. அந்நாட்டில் 2015-ஆம் ஆண்டில் மட்டும் வாள்மேசையால் காயமுற்று அவசர சிகிச்சைக்கு வந்தோர் ஏறத்தாழ 30,000 பேருக்கு மேல் என்று அரசாங்க மதிப்பீடு கூறுவதால், அக்கண்டுபிடிப்பின் அவசியம் விளங்கும். எனினும் அதன் விலை நம் சிறு பட்டறைக்கு எட்டாதது. மேலும் அது பின்னுதைப்பைத் தடுப்பதில்லை. கட்டை பறந்தால் பறந்ததுதான். கோணல் வழிச்சட்டத்துக்கு அது மருந்தன்று.

விதிகளுக்கும் எல்லை உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மின்விசை உள்ள இடத்தில் பொதுவாக 10 பேர் வேலை செய்தாலன்றி அதைத் தொழிற்சாலை எனக் கொள்ளவில்லை. 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக உயர்த்தியது. மூவர் மட்டும் வேலைசெய்யும் தகரக் கூரைக்கு இவ்விரண்டும் தொலைவானவை. அங்கே ஆய்வாளர் வருவதில்லை; அச்சிட்ட விதி ஒட்டப்படுவதில்லை. வந்துசேரக்கூடியது ஒரு துண்டுப்பிரசுரம், அல்லது இதைப்போன்ற ஒரு வானொலிப் பேச்சு. எழுதப்படும் தமிழ், படிப்பவனுக்கு ஒரே பொருளைத் தரவேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். மேலிடத்தில், வழிச்சட்டம் என்பது புரியாத புதுச்சொல், வேலி என்றே இருக்கட்டும் என்று ஒரு கருத்து எழாமல் இல்லை. 'வழிச்சட்டம், அதாவது கைடு' என்று முதலிடத்தில் எழுதி, காப்புமூடிக்கு மட்டும் வேலி என்னும் சொல்லை ஒதுக்குவதாக முடிவாயிற்று.

எஞ்சியது தள்ளுகோல். மரம் நீளமாக இருக்கும்வரை கை வாளுக்குத் தூரத்தில் இருக்கிறது. கடைசி 300 மில்லிமீட்டர் வரும்போதுதான் கை வாளை அணுகுகிறது. அந்தக் கடைசிப் பகுதியையும், அதைவிடக் குறுகிய மரத்தையும், கையால் தள்ளாமல் கோலால் தள்ளவேண்டும். இதற்கு விலையுயர்ந்த பொருள் வேண்டா. ஒட்டுப்பலகைத் துண்டில் 450 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோல் வெட்டி, ஒரு நுனியில் குருவி வாயைத் திறந்தாற்போல் ஒரு வெட்டு இட்டால், அது மரத்தின் பின்விளிம்பை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். மறுநுனியை உள்ளங்கைக்கு இசைய உருட்டிவிடலாம். ஒன்றுக்கு இரண்டாகச் செய்துகொண்டால், ஒன்று மரத்தைத் தள்ளும். மற்றொன்று மரத்தை வழிச்சட்டத்தோடு அணைக்கும். அணைப்பது எப்போதும் வாளின் முன்னால் இருக்கவேண்டும். வாளுக்குப் பக்கத்திலோ பின்னாலோ அணைத்தால் சாலை மூடவைத்துவிடும். சேத்லா மிஸ்திரி தம் கோலை வழிச்சட்டத்திலேயே ஓர் ஆணியடித்து மாட்டியிருந்தார். எடுக்க எழுந்துபோக வேண்டியிருந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள், பாபு, என்றார். பழைய கோலில் வாள் கடித்த தடங்கள் நிறைய இருந்தன. அது தேய்ந்ததும் புதிது வெட்டிக்கொள்வாராம். அரை மணி வேலை.